அவள் முகத்துக்கு ஒன்பது நிமிஷ வெயில்

சித்திரை 22, திங்கள்

நேற்று கத்திரி பிறந்தது. காலை ஏழுக்கே முதுகு சுட்டது. நி.மே. மட்டும் சந்தோஷமாக இருந்தார். "இந்த வெயில எங்கயும் வாங்க முடியாது ஐயா."

நி.மே. என்றால் நிர்மலா மேடம். புதுச்சேரி. என் வீட்டில் முன்னறை இரண்டும் சமையலறையும் எடுத்துத் தங்கியிருக்கிறார். கோட்டையைப் படம் பிடித்து, நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய முறையில் கையாலேயே காகிதத்தில் இறக்குகிறார். மெஷின் கிடையாது. மருந்து, காகிதம், வெயில், தண்ணீர். படம் நீலமாக வரும். சும்மா கிடக்கிறேனே என்று கூட நின்றேன். இப்போது நானும் கற்றுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு படத்துக்கும் வெயில் எத்தனை நிமிஷம் என்று எழுதிவைக்க இந்த நோட்டைக் கொடுத்தார். "நான் பள்ளிக்கூடத்து வாசப்படி மிதிக்காதவன்மா" என்றேன். "பஸ் போர்டு படிக்கிறீங்களே" என்றார். படிக்கிறேன். எழுத்து எல்லாம் பஸ் போர்டும் சுவர் விளம்பரமும் பார்த்துக் கூட்டிக் கற்றதுதான். ஒரு வரி எழுதுவதற்குள் ஒரு வாய் வெற்றிலை தீர்ந்துபோகிறது.

கோட்டை மதில் - 9 நிமிஷம். நன்று.
கல்யாண மகால் - 12. கறுத்துவிட்டது.
நெற்களஞ்சியம் - 8. சுமார்.

எழுதாவிட்டாலும் ஞாபகம் இருக்கும். இதுவரை போட்ட முப்பத்தொரு படத்துக்கும் நிமிஷம் சொல்வேன். எழுதியது போக இடம் மிச்சம் இருக்கிறது. அதில் மற்றதை எழுதுகிறேன். யார் பார்க்கப்போகிறார்கள்.

சாயங்காலம் குமார் போன். ஸ்பீக்கரில் போட்டான். ப. குரல்.
"சாப்ட்டியா?"
"ஆச்சு. நீ?"
"ஆச்சு."
பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். முடிந்தது.

ப. என் வீட்டுக்காரி. முழுப் பேரை வாயால் சொன்னதில்லை, எழுதவும் கை வரவில்லை. மூன்று வருஷமாக மறைமலை நகரில், மகன் குமார் வீட்டில். மகனும் மருமகளும் கம்பெனி வேலை. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூட்டிப்போனான். முதல் பொங்கலுக்கு இரண்டு நாள் வந்தாள். பிறகு வரவில்லை. நான் ஒரு தரம் போனேன். மூன்றாவது மாடி, உட்காரச் சோபா, துப்ப இடம் இல்லை. மறுநாளே வந்துவிட்டேன்.

மூன்று மணி நேர பஸ்தான்.

சித்திரை 23, செவ்வாய்

வெயில். காற்று இல்லை.

மருந்து இரண்டு. ஒன்று பச்சைத் தூள், ஒன்று சிவப்பு உப்பு. தனித்தனியாகக் கரைத்து வைத்து, வேண்டும்போது சரிபாதி கலந்து, பிரஷ்ஷால் காகிதத்தில் பூசணும். வெளிச்சம் படாமல் காயணும். அதற்குத்தான் சமையலறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தாயிற்று. ப. கடுகு, சீரகம் வைத்த அலமாரியில் இப்போது காகிதம் காய்கிறது. இன்னமும் பெருங்காய வாசனை போகவில்லை. விளக்கை அணைத்துவிட்டு நின்றால் அவள் எங்கேயோ பக்கத்தில் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி.

இன்று திட்டு வாங்கினேன். கழுவத் தட்டு போதவில்லை என்று ப.வின் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துவிட்டேன். மேடம் பார்த்துவிட்டார். "சாப்பாட்டுப் பாத்திரம் தொடக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்!" தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தாம்பாளம் கல்யாணச் சீர். அடியில் அவள் பேர் வெட்டியிருக்கிறது.

ராத்திரி போனில் இதைச் சொன்னேன், பேச வேறு எதுவும் இல்லாததால். ஸ்பீக்கரில் அவள் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். "என் அடுப்படியில இன்னா பண்றா அவ? தாம்பாளத்த பரண் மேல ஏத்து மொதல்ல!" குமார் சிரிக்கிறான். மருமகள் சிரிக்கிறது. எனக்கு நன்றாக இருந்தது. சாப்ட்டியாவுக்கு மேலே நாலு வார்த்தை.

சித்திரை 25, வியாழன்

படமெல்லாம் வெளுக்கிறது. போர் தண்ணீர் உப்பு என்று மேடம் கண்டுபிடித்தார். குடத்தில் வெள்ளையாகப் படிகிறதே அது நீலத்தைத் தின்கிறதாம். கழுவுகிற தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னார். பஜாரில் ஒரு டஜன் வாங்கினேன்.

கோவிந்தன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பையைப் பார்த்தான். "இன்னா ஏழுமல, யாருக்கு மந்திரிக்கிற?"
"படம் கழுவ."
"படத்துக்கு எலுமிச்சங்காவா? பொண்டாட்டி ஊர்ல இல்லைன்னா மனுஷன் இப்படித்தான் ஆவான்."
பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அவன் சொன்னது தப்பில்லை. டீ ஆறிப்போனது.

கோட்டை மதில், இரண்டாம் தரம் - 9. அசல் நீலம்.

சித்திரை 27, சனி

மேடம் கேட்டார், "எப்பவும் கோட்டைதானா? உங்களுக்குன்னு ஒண்ணு போடுங்க." நான் மூன்று நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்க வாய் வரவில்லை.

போனில் ஒரு படம் இருக்கிறது. குமார் அனுப்பினது. மொட்டை மாடி, ப. இடுப்பில் பேரன். தன்னைப் போட்டோ எடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. யாரையோ பார்த்து ஏதோ சொல்கிறாள், முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது.

"யாரு ஐயா இது?"
"குமாரோட அம்மா."
"உங்க வீட்டுக்காரம்மான்னு வாய் வராதா?"

முகத்தை மட்டும் பெரிசாக்கி, பஜார் ஜெராக்ஸ் கடையில் பிளாஸ்டிக் ஷீட்டில் எடுத்தோம். இதன் மேல்தான் வெயில் விழும். இதில் எல்லாம் தலைகீழ். வெள்ளை கறுப்பாக இருக்கும், கறுப்பு வெள்ளையாக இருக்கும். தெரிந்ததுதான். கோட்டையில் பார்த்துப் பழகினதுதான்.

ஆனால் அவள் தலை நரைத்த தலை. ஷீட்டில் கருகருவென்று இருந்தது.

வீட்டுக்கு வந்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். கோட்டையில் பழுது பார்க்கிற வேலை நடந்த முதல் வருஷம். நான் சுண்ணாம்பு அரைக்கிற இடத்தில். அவள் சட்டி சுமக்கிற பெண்களில் நாலாவது ஆள். பாக்கு நிறச் சேலை, பச்சைச் சும்மாடு. சட்டியை இறக்கினதும் சும்மாட்டை அவிழ்த்துத் தலையை உதறுவாள். இந்தக் கறுப்புதான். அன்றைக்கு என் பக்கம் வந்து முதன்முதலாகப் பேசினது, "இத்தினி தண்ணி ஊத்தினா சோறா வடிக்கப்போற?"

ஐம்பத்திரண்டு வருஷம். ஒரு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

ஷீட்டைத் தலையணை உறைக்குள் வைத்தேன். கசங்கிவிடும் என்று பிறகு எடுத்து நோட்டுக்குள் வைத்தேன்.

சித்திரை 29, திங்கள்

வெயில் அருமை. ஒரு மேகம் இல்லை.

பத்தரைக்கு ப. படம் வைத்தேன். கீழே பலகை, காகிதம், ஷீட், மேலே கண்ணாடி, நாலு பக்கமும் கிளிப். ஒன்பது நிமிஷம். நானே எண்ணினேன், மேடம் போன் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தது. தண்ணீரில் போட்டதும் மஞ்சள் கரைந்து ஓடி, முதலில் மூக்கு வந்தது. பிறகு காது, கம்மல். பிறகு முழுசாக அவள். மேடம் கை தட்டினார்.

மேலே எடுத்துக் கொடியில் மாட்டினேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கன்னத்தில் வெள்ளையாக ஒரு விரல். தாடையில் ஒன்று. ஓரத்தில் கட்டை விரல், ரேகையோடு. அந்த இடத்தில் நீலமே இல்லை. மஞ்சள் பாய்ந்த வெள்ளை.

அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றுகூட நினைத்தேன். குமாருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். "டூட்டில இருக்கேன் நைனா, இன்னா?" "உங்கம்மா நல்லா இருக்குதா?" "நல்லாத்தான் இருக்குது. காலைல என்னத் திட்டிச்சு." வைத்துவிட்டான்.

மேடம் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். "ஐயா, வெத்தல போட்டீங்களா?"

சுண்ணாம்பு. படத்தைத் தொடுவதற்கு முன்பு வெற்றிலையில் தடவின விரல். இந்த நீலத்துக்குச் சுண்ணாம்பு ஆகாதாம், அப்படியே அரித்துவிடுமாம். முப்பது வருஷம் சுண்ணாம்பில் புரண்டவன் நான். இது ஒன்று தெரியாமல் போயிற்று.

ப. இருந்தவரை நான் சுண்ணாம்பைத் தொட்டதில்லை. அவள் தடவி மடித்துக் கையில் கொடுப்பாள், நான் வாயில் போடுவேன். அவள் போன பிறகுதான் நானே தடவுகிறேன். இன்னமும் அளவு தெரியவில்லை. மாசத்தில் இரண்டு தரம் நாக்கு வெந்துபோகிறது.

சித்திரை 30, செவ்வாய்

வெற்றிலை இல்லை. இரண்டு நாளைக்கு விட்டுவிடுவது என்று முடிவு. பெட்டியைப் பரணில் தாம்பாளத்துக்குள் வைத்தேன். பத்து மணிக்கே தலை கனத்தது. பிரஷ் கோணிக் கோணிப் போனது. மேடம் இஞ்சி மிட்டாய் கொடுத்தார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்.

இன்று எதுவும் போடவில்லை.

ராத்திரி குமார். வழக்கம்போல ஸ்பீக்கர்.
"நைனா, ஜூன்ல தம்பிய ஸ்கூல்ல போடறோம். பன்னெண்டரைக்கு வுட்டுடுவாங்க. அம்மாதான் கூட்டியாரணும். அதனால இன்னும் ஒரு ரெண்டு வருசம் அம்மா இங்கயே இருக்கட்டும். ஒண்ணாவது போயிட்டா பஸ்ஸு வந்துடும்."
"சரி."
"உனக்கு ஒண்ணும் இல்லியே?"
"எனக்கு இன்னா. சரி."
ப. பக்கத்தில்தான் இருந்தாள். வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

பேரன் பள்ளிக்கூடம் போனால் வந்துவிடுவாள் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாக எண்ணினது. எனக்கு எழுபத்தைந்து. அவளுக்கு எழுபது இருக்கும். இரண்டு வருஷம் என்பது குமாருக்கு வேறு, எங்களுக்கு வேறு.

வெற்றிலைப் பெட்டியை இறக்கப் பரண் வரைக்கும் போனேன். ஏணியில் பாதி ஏறி இறங்கிவிட்டேன்.

சித்திரை 31, புதன்

கையைப் புளித்தண்ணீரில் கழுவி, சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினேன். மேடம், "ஆபரேசன் பண்ணப் போறீங்களா?"

ப. - 10.35க்கு வைத்தது. 9 நிமிஷம். தண்ணீர் ஐந்து தரம்.

வந்தது. கன்னம் சுத்தம். கம்மலில் கல் தெரிகிறது. ஏதோ சொல்ல வாய் திறந்த முகம். சொன்னது என்னவாக இருக்கும் என்று சாயங்காலம் வரைக்கும் யோசித்தேன்.

கெட்டுப்போன முதல் படத்தை மேடம் கிழிக்கப் போனார். வேண்டாம் என்று வாங்கி நோட்டுக்குள் வைத்தேன்.

வைகாசி 1, வியாழன்

நேற்று ஈரத்தில் வெளிர் நீலம். இன்று காய்ந்து நன்றாகக் கறுத்த நீலம். ஒரு நாள் கழித்துத்தான் முழு நிறம் வருமாம்.

மேடம் வேறு ஒன்று சொல்லிக்கொடுத்தார். இது இன்னும் பழைய முறை. காகிதத்தை உப்புத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, வெள்ளி மருந்து பூசுவது. காவி நிறத்தில் வரும். கையுறை போடச் சொன்னார். வியர்க்கிறது என்று கழற்றினேன். மத்தியானம் பார்த்தால் விரல் எல்லாம் கரி. போகவே இல்லை.

கோவிந்தன்: "எலெக்‌ஷன் வந்துட்டுதா? பத்து வெரல்லயும் மை வெச்சிக்கினு வந்திருக்கிற? யாருக்குப்பா குத்தின?"

ஓட்டுக்கு வைக்கிற மையும் இந்த மருந்துதானாம், மேடம் சொன்னார். தோல் உரிந்தால்தான் போகும்.

எனக்கு நீலமே போதும்.

வைகாசி 3, சனி

மேடம் நாளைக்குக் காரில் சென்னை போகிறார். மறைமலை நகர் வழிதான். "அம்மா படத்தக் குடுங்க, நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்." நான் கேட்காமலே.

இரண்டு அட்டை நடுவில் வைத்துக் கட்டினேன். "ஏதாச்சும் எழுதுங்க." உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். என்ன எழுதுவது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, மருமகள்தான் படித்துச் சொல்லும். மருமகள் வாயால் கேட்கிற மாதிரி எனக்கு எழுத ஒன்றும் இல்லை. வெறும் படமே போகட்டும். பார்த்தால் தெரிந்துகொள்வாள்.

வைகாசி 4, ஞாயிறு

மேடம் ஆறு மணிக்குக் கிளம்பினார். படம் மடியில்.
ராத்திரி போன் வரவில்லை.

வைகாசி 5, திங்கள்

போன் இல்லை. வெயில் சுமார். ரேஷன் கடை, பச்சரிசி மட்டும். மேடம் திரும்பினார். "குடுத்துட்டேன் ஐயா. வாங்கி ரொம்ப நேரம் பாத்தாங்க. காபி குடுத்தாங்க."

வைகாசி 6, செவ்வாய்

சாயங்காலம் நாலரை. குமார் நம்பர். எடுத்தால்,
"நாந்தான்."
பின்னால் டி.வி. இல்லை, குழந்தை சத்தம் இல்லை. காற்று மட்டும்.
"எல்லாரும் எங்க?"
"உன் புள்ளைக்கு இன்னிக்கு லீவு, தூங்கறான். போன எடுத்து இடுப்புல சொருவிக்கினு மாடிக்கு வந்தேன். துணி எடுக்க."

மூன்று வருஷத்தில் போனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பேசுவது இதுதான் முதல்.

"படம் நல்லா இருக்குதா?"
"நல்லாத்தான் இருக்குது. மருமவ பிரேம் போடலாம்னுது. ஏன்யா, அத எதுக்கு எனக்கு அனுப்பின?"
"உன் படமாச்சேமே."
"என் மூஞ்சிய நான் தெனம் கண்ணாடில பாக்கறேன். அத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? உன் மூஞ்சிய அனுப்பியிருந்தா ஒரு நாயம் இருக்குது."

இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் பார்க்க ஆசைப்பட்டதை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

"ரெண்டு வருசம்ன்றான். சரின்ன. மூணு வருசம் முந்தி கூட்டினு போறேன்னான். அப்பயும் சரின்ன. ஒரு வாட்டி, ஒரே வாட்டி, வான்னு கூப்ட்டியா நீ?"
"பையனுக்குக் கஷ்டம்னு..."
"பையன் கஷ்டம் நான் பாக்கறேன். நீ இன்னா கஷ்டப்படறன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? மெத்தனமா சரி சரின்னா, இந்தாளுக்கு நான் இல்லாததே வசதின்னுதான நெனப்பேன்?"
"அப்பிடி இல்ல."
"நானா கெளம்பினா மருமவ மூஞ்சி தூக்கிக்கும். நீ வந்து கூப்டு. அவன் எதிர கூப்டு. அப்ப பேசிக்கலாம், யாரு எங்க இருக்கறது, எத்தினி நாளுன்னு. வந்து கூப்ட வாய் இல்லன்னா வுட்டுடு. நான் இங்கயே கெடக்கறேன்."

கீழே குழந்தை அழும் சத்தம். வைத்துவிட்டாள்.

குமார் முன்னால் நின்று அவளை வா என்பது. நினைத்துப் பார்த்தேன். வேர்த்தது. நாங்கள் அவன் முன்னால் பக்கத்தில் பக்கத்தில்கூட உட்கார்ந்ததில்லை.

வைகாசி 7, புதன்

மேடத்திடம் சொன்னேன், என் முகத்தைப் போட்டுக் கொடுங்கள் என்று. ஏன் என்று கேட்கவில்லை. சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார். "சிரிங்க." வரவில்லை. ஜெராக்ஸ் கடையில் ஷீட் எடுத்தோம். என் தலையும் கறுப்பு. நான் பார்க்க ஒன்றும் இல்லை அதில்.

முதலில் இதை அனுப்புவோம், பிறகு போவோம் என்று கணக்கு.

காகிதம் பூசி வைத்தாயிற்று. பத்து மணிக்கு மேகம். காத்திருந்தோம். இரண்டு மணிக்குத் தூறல்.

வைகாசி 8, வியாழன்

கோடை மழை. கோட்டை மலை ராஜகிரியின் உச்சி தெரியவில்லை. கத்திரியில் இப்படி மூடினது, எங்கள் தெருப் பெரிய மாமரம் விழுந்த வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான்.

பதினொன்றுக்குக் கொஞ்சம் வெளுத்தது. ஓடிப்போய் வைத்தேன். 9 நிமிஷம், 20, 40. தண்ணீரில் போட்டால் மூக்கு மட்டும் நின்றது, மற்றதெல்லாம் கரைந்து ஓடிவிட்டது.
"இன்னும் ரெண்டு நாள் பொறுங்க ஐயா."
மல்லாட்டை (மேடத்துக்கு வேர்க்கடலை) காயப்போட்டவன் எல்லாம் திட்டிக்கொண்டே அள்ளுகிறான். நானும் அவர்களோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வைகாசி 9, வெள்ளி

காலை இருட்டாகவே விடிந்தது. மிச்சம் ஒரு காகிதம் ஈரக் காற்றிலேயே நீலம் பாய்ந்து வீணாகிவிட்டது.

எடுத்துவைத்தது: வேட்டி 2, சட்டை 2, துண்டு, பிரஷர் மாத்திரை, மல்லாட்டை இரண்டு படி, பேரனுக்கு முறுக்கு. சாவி மேடத்திடம். "எங்க ஐயா கிளம்பிட்டீங்க?" "வீட்டுக்காரியக் கூட்டியாரப் போறேம்மா." வாய் வந்துவிட்டது.

8.10 பஸ். வல்லம் தாண்டி மழை. திண்டிவனத்தில் மாறினேன். ஜன்னல் சீட்டு. குமாரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். "உங்கம்மா இல்லாம எனக்கு முடியலப்பா." செங்கல்பட்டு வருவதற்குள் இருபது தரம். பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா பெருசு, தனியா பேசிக்கினு வர்ற?" என்றார். இன்று குமாருக்கு மாலை டூட்டி. இரண்டு மணி வரைக்கும் வீட்டில்தான் இருப்பான்.

பன்னிரண்டு பத்து. கீழே, வண்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முட்டி வலி. மூச்சு அடங்கட்டும். நாற்பத்தெட்டுப் படி.

மேலே ஜன்னல் திறந்திருக்கிறது. பேரன் சாப்பிடமாட்டேன் என்று அடம் பிடிக்கிறான். ப. அதட்டுகிறாள். "வாயத் தொற. இப்பத் தொறக்கப்போறியா இல்லியா?" போன் இல்லாமல் கேட்கிறேன். இன்னும் கொஞ்சம் அதட்டட்டும்.